மூக்கைப் பொத்திக்கொண்டு உலகம் சுற்றியவர்

அன்புள்ள தேவி, பாபு,

போன வெள்ளிக்கிழமை நான் போன் செய்தபோது பாபுதான் எடுத்தான். "அப்பா, அக்காவுக்கு ஸ்கூல்ல பேச்சுப் போட்டி. 'பயணம் மனதை விரிவாக்கும்'னு தலைப்பு குடுத்துகீறாங்க. நீ ஃபாரின்ல கீறியே, உன்னாண்ட பாயின்ட்ஸ் கேக்கச் சொல்லிச்சு" என்றான். உடனே பின்னாலிருந்து தேவியின் குரல் கேட்டது. "டேய், நான் ஒண்ணும் கேக்கச் சொல்லல. நீயா எதுனா உளறாத." அதன் பிறகு கதவு சாத்தும் சத்தம். லீவு முடிந்து நான் இங்கே குவைத்துக்குத் திரும்பியதிலிருந்து தேவி என்னோடு பேசவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் பாயின்ட்ஸ் கேட்டது அவள்தான். கோபமாக இருக்கிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். பாயின்ட் பாயின்டாகப் பிரித்து எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதில் பேச்சுக்கு ஆகிறதை எடுத்துக்கொள் தேவி, ஆகாததை விட்டுவிடு. இங்கே என்னைப்போலக் குடும்பத்தை விட்டு வந்தவர்கள் சேர்ந்து ஒரு ஆண்டு மலர் போடுகிறார்கள். இதையே அதற்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதில் உங்கள் பெயர்களை மாற்றிவிடச் சொல்வேன், பயப்படாதீர்கள்.

முதலில் இங்கே தினம் நடக்கிற ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். நான் வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட்டில், மீன் இருக்கும் இடத்தில் மீன் வாசம் வரக்கூடாது. பொடி ஐஸைக் கொட்டி, அதன் மேல் எல்லா மீனையும் ஒரே பக்கம் பார்க்கும்படி, பள்ளிக்கூடத்து அணிவகுப்பு மாதிரி அடுக்கி வைப்போம். வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்கு முழங்கால் வரை பூட்ஸ். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சூப்பர்வைசர் வந்து எலுமிச்சம்பழ வாசனை வரும் ஸ்பிரேயை மீனுக்கு மேலே காற்றில் அடித்துவிட்டுப் போவார். கண்ணை மூடிக்கொண்டு வந்து நின்றால் சோப்புக் கடை என்றுதான் நினைப்பீர்கள். வந்த புதிதில் நான் நம் பழக்கப்படி ஒரு மீனை எடுத்து, செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். சூப்பர்வைசர் ஓடி வந்து என் மூக்கையும் மீனையும் மாறி மாறிக் காட்டி "மாஃபி, மாஃபி" என்று கத்தினார். கூடாது, கிடையாது, இல்லை எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரே வார்த்தைதான். வாங்க வந்தவர்கள் முன்னால் நான் மீன் கெட்டுப்போனது என்று காட்டுவதாக அவர் நினைத்துவிட்டார். நல்ல மீனை முகர்ந்து பார்ப்பது அதற்குச் செய்கிற மரியாதை என்று சொல்ல எனக்கு அன்றைக்கு மொழி இல்லை. இன்றைக்கும் இல்லை.

இங்கே ஒரு பெரியவர் வருவார், இந்த ஊர்க்காரர். தும்பைப்பூ மாதிரி வெள்ளை அங்கி. அவர் மட்டும் யாரையும் கேட்காமல் வெறும் விரலால் செவுளைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். பிறகு அதை என் முகத்துக்கு நேராக நீட்டி, நீயும் பார் என்று தலையை ஆட்டுவார். சூப்பர்வைசர் வாயைத் திறக்கமாட்டார். ஒரு நாள் பெரியவர் என் நெஞ்சில் விரலை வைத்து "பஹர்?" என்றார். கடல் என்று அர்த்தம். மீன் எந்தக் கடலில் பிடித்தது என்று கேட்கிறார் என்று நினைத்து "ஈரான்" என்றேன். அவர் சிரித்து, மறுபடியும் என் நெஞ்சிலேயே தட்டினார். உன் கடல் எது என்று கேட்டிருக்கிறார். "கோவளம்" என்றேன். அன்றிலிருந்து என்னைக் கோவளம் என்றுதான் கூப்பிடுகிறார். இதைக் கேட்டு, ஆஹா எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய கார் டிரைவர் ஆந்திராக்காரர், அவருக்கும் வயதாகிவிட்டது. இந்தப் பெரியவர் உள்ளே ஏசியில் மீனோடு கொஞ்சிக்கொண்டிருக்கும்போது அந்த டிரைவர் வெளியே கொதிக்கிற வெயிலில் நிற்பார். உள்ளே வந்து நிற்கட்டும் என்று ஒரு நாளும் பெரியவர் சொன்னதில்லை. மீனுக்கு ஐஸ் உண்டு, டிரைவருக்கு நிழல்கூட இல்லை.

ஆகவே, வெளிநாட்டில் எல்லாம் உசத்தி, நம் ஊரில் எல்லாம் மட்டம் என்று எழுத நான் உட்காரவில்லை. அப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். தேவி, நீ மறந்திருக்கமாட்டாய். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்காரரைச் சொல்கிறேன்.

சுனாமியில் படகும் வலையும் போன பிறகு நாம் தாம்பரத்துக்கு வந்தோம். நான் குவைத்துக்கு வந்தேன், அம்மா மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்க உட்கார்ந்தாள். மார்க்கெட்டுக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டின அந்த ஒற்றை அறையில்தான் நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்தீர்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு உடை மாற்ற ஒரு மறைப்பு இல்லை, தோழிகளைக் கூட்டி வர ஒரு இடம் இல்லை. லீவில் வந்ததும் முதல் வேலையாக வீடு பார்க்கிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் புரோக்கரோடு அந்த ஃபிளாட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் கீழே குடியிருந்தார். மாடியில் இருந்த இரண்டு அறை ஃபிளாட் வாடகைக்கு. லிஃப்ட் உண்டு. பாபு அதில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தான்.

அவர் அரை டவுசரில் வந்து கை கொடுத்தார். நான் குவைத்தில் இருக்கிறேன் என்று புரோக்கர் சொன்னதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க சார், உக்காருங்க. ட்ராவல் பண்ணவங்க வேற, பண்ணாதவங்க வேற சார். இந்த ஏரியால பேசறதுக்கு ஆளே கிடையாது. எல்லாம் கிணத்துத் தவளைங்க" என்றார். அவருடைய ஃபிரிட்ஜ் கதவு முழுக்க ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வாங்கி வந்த பொம்மைகள் ஒட்டியிருந்தன. அதில் ஒன்று மீன் பொம்மை. சுவரில் ஒரு பெரிய போட்டோ. ஜப்பானில் மீன் மார்க்கெட்டில் எடுத்ததாம். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மீன்காரர் நீளக் கத்தியோடு நிற்கிறார், அவர் தோளில் நம் வீட்டுக்காரர் கை போட்டுக்கொண்டிருக்கிறார். "விடியறதுக்கு முன்னாடி எழுந்து போனோம் சார், இதப் பாக்கறதுக்கு. என்னமா வெட்டறான்! அவன் மீன் வெட்டறவன் இல்ல சார், ஆர்ட்டிஸ்ட்" என்றார். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. நானும் மீன் பகுதியில்தான் வேலை செய்கிறேன் என்றேன். "ஓ, சீஃபுட் செக்‌ஷன்! வெரி குட். எங்களுக்கும் மீன்னா உயிரு. ஆனா இங்க நல்ல மீனே கிடைக்கறதில்ல, பாத்தீங்களா?" என்றார்.

பிறகு உன் அம்மா பக்கம் திரும்பி, "மேடம் என்ன பண்றாங்க?" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ சொன்னாய்: "அம்மா ஹவுஸ்வைஃப் அங்கிள்." அம்மா உன்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் காபி தம்ளரைக் கீழே வைத்தாள். அதற்காக உன்னை நான் அன்றைக்கும் திட்டவில்லை, இன்றைக்கும் திட்டப்போவதில்லை. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் அம்மா அன்னக்கூடையோடு நடக்கும்போது எதிரில் வருகிறவர்கள் கர்ச்சீப்பை எடுப்பதை நீ சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். படிக்கட்டு முழுக்க வெற்றிலை எச்சில். மூலைக்கு மூலை மூத்திரம். அதையெல்லாம் மிதித்துக்கொண்டு, தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டு வருகிறவர்கள், மீன் கூடையைக் கண்டதும் மூக்கைப் பொத்துகிறார்கள். துப்பினவனே பொத்துவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பாலத்தில் நீ அம்மாவுக்கு நாலு அடி முன்னால், யாரோ மாதிரி நடந்துபோவதையும் பார்த்தேன். உனக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது அந்தக் கர்ச்சீப்புகள்தான்.

வீட்டுக்காரருக்கு நம்மைப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுச் சாவி வாங்கிக்கொள்ளலாம் என்றார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ அம்மா செய்த தப்பு என்கிறாய். நம் ஆட்கள் ஒரு நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள். மற்றவர்கள் வெற்றிலை பாக்கு, பழம் எடுத்துப் போவார்கள். நாம் மீன் எடுத்துப் போவோம். வெட்டாமல், தலையோடு, ஜோடியாக. பெண் கேட்கப் போனாலும் அப்படித்தான், புதுப் படகுக்குக் கூட்டாளி சேர்ந்தாலும் அப்படித்தான். நல்ல மீனே கிடைக்கவில்லை என்று ஒரு மனிதர் வாய் விட்டுச் சொன்ன பிறகு உன் அம்மாவால் சும்மா இருக்க முடியுமா? அன்றைக்குக் கடைக்குப் போகாமல், விடிகாலையில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கோவளத்துக்குப் போய், படகு கரை சேரும்வரை காத்திருந்து, ஒரு ஜோடி வவ்வால் மீன் வாங்கி வந்தாள். வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளத்தன. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்துவிட்டு, சீயக்காய் தேய்த்துக் குளித்தாள். நான் வாங்கி வந்த சென்டைக் கேட்டு வாங்கிக் கழுத்திலும் கையிலும் அடித்துக்கொண்டாள். "இன்னாய்யா, கல்யாணப் பொண்ணு மாரி கீறனா?" என்று என்னைக் கேட்டாள். நீ அப்போது ஜடை பின்னிக்கொண்டிருந்தாய். பெட்டியைப் பார்த்து "அது எதுக்கும்மா?" என்றாய். "சாருக்குடி" என்றாள். நீ வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாய், பிறகு சும்மா இருந்துவிட்டாய். கடையில் வாங்கினது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய்.

பெட்டியைத் திறந்ததும் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார் என்றே சொல்லலாம். "மை காட்! சுபா, இங்க வா, வந்து பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். இரண்டு கையிலும் இரண்டு வவ்வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மனைவியிடம் கேமராவைக் கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னார். ஜப்பான் போட்டோவில் சிரித்த அதே சிரிப்பு. "எங்க வாங்கினீங்க மேடம்? எனக்கு அந்தக் கடைய காட்டுங்க" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வாங்கறது எங்க சார்? நம்ம கடை மீனுதான். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்ல வந்து மல்லிகான்னு யாராண்ட கேட்டாலும் சொல்வாங்கோ. இனிமே நீங்க மீனுக்கு அலயவே வாணாம் சார், நானே கொண்டாந்து தர்றேன்" என்றாள்.

வீட்டுக்காரர் மீனைத் தட்டில் வைத்தார். உள்ளே போய்க் கை கழுவினார். தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது, மறுபடியும் ஓடியது. வெளியே வந்தவர் துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே, "ஓகே, ஓகே. அப்ப... கடைலேருந்து நேரா இங்கதான் வருவீங்களா? லிஃப்ட்லயா?" என்று கேட்டார். "ஆமா சார், வூட்டுக்கு வராம?" என்று அம்மா சிரித்தாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை. "இல்ல, எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் உலகத்தையே பாத்தவன். எனக்கு அந்த மாதிரி எல்லாம் கிடையாது. மத்த ஃபிளாட்காரங்க இருக்காங்களே, அவங்க எல்லாம் கொஞ்சம் நேரோ மைண்டட்" என்றார். இங்கிலீஷ் வார்த்தை எனக்குப் புரியாவிட்டாலும் அவர் முகம் புரிந்தது. கொஞ்சம் முன்னால் எங்களோடு ஒரே சோபாவில் உட்கார்ந்தவர் இப்போது ஜன்னலோரம் போய் நின்றுகொண்டிருந்தார். அட்வான்ஸை வாங்கிக்கொண்டார். சாவியைப் புரோக்கரிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது நீ அழுதாய். "ஏம்மா மீன எடுத்துனு வந்த? அப்படியே எடுத்துனு வந்தாலும், நம்ம கடைன்னு ஏம்மா சொன்ன? உன்னாலதான் எல்லாம் போச்சு" என்றாய். ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து கை காலைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கையை என் முகத்துக்கு நேராக நீட்டி, "நெஜமா சொல்லுய்யா. நாத்தம் அட்க்குதா?" என்றாள். சீயக்காய், சென்ட், எல்லாவற்றுக்கும் அடியில் மீன் வாசம் இருந்தது. இந்தக் குவைத்தின் எலுமிச்சை ஸ்பிரே என் மூக்கை மாற்றிவிட்டிருந்தது, முன்னெல்லாம் எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நான் "இல்லடி" என்றேன். அவள் நம்பவில்லை. நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று இங்கே வந்த பிறகுதான் தோன்றியது. அடிக்குது, அதுக்கு இன்னா இப்போ என்று சொல்லியிருக்கவேண்டும்.

மறுநாள் புரோக்கர் வந்தார். கையில் சாவி இல்லை, கவர் இருந்தது. "அண்ணே, மன்சுல வச்சிக்காதண்ணே. சொந்தக்காரங்க யாரோ அமெரிக்காலேர்ந்து வராங்களாம், அவங்களுக்கு வேணுமாம்" என்றார். நான் கவரை வாங்கிக்கொண்டேன். அம்மா கேட்ட ஒரே கேள்வி, "மீனு நல்லா இருந்துதாமா?" புரோக்கர் தலையைச் சொறிந்தார். "அத்த நான் கேக்கலக்கா. ஆனா நான் படி ஏறும்போதே வறுவல் வாசனை மூக்கத் தூக்கிச்சு" என்றார். பாபு சிரித்துவிட்டான். பிள்ளைகளே, சாக்கடையோரம் சாப்பிட்டிருக்கிறேன், அழுகின மீனை அள்ளிக் கொட்டியிருக்கிறேன், இங்கே கழிவு டிரம்களைக் கையால் கழுவியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத அருவருப்பு எனக்கு அன்றைக்கு வந்தது. நம்மை வேண்டாம் என்றார், சரி. நம் அட்வான்ஸையும் வேண்டாம் என்றார், சரி. மீனை மட்டும் வைத்துக்கொண்டார். வறுத்துச் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். அந்த மீனைப் பிடித்து எடுத்த போட்டோவும் இந்நேரம் சுவரில் மாட்டியிருக்கும்.

தேவி, உன் தலைப்புக்கு வருகிறேன். பயணம் மனதை விரிவாக்கும் என்றால், அந்த மனிதருடைய மனது நம் பெருங்களத்தூர் ஏரி அளவுக்காவது விரிந்திருக்கவேண்டும். அவர் போகாத நாடு இல்லை. ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டே உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். ஜப்பான்காரன் வெட்டினால் ஆர்ட்டிஸ்ட். மல்லிகா வெட்டினால் லிஃப்டில் ஏறக்கூடாது. தூரத்தில் இருப்பவனோடு தோளில் கை போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது சுலபம், அவன் நாளைக்கு உன் மாடியில் குடிவரப்போவதில்லை. இந்த மாதிரிப் பயணத்தால் என்ன விரியும்? போட்டோ ஆல்பம் வேண்டுமானால் விரியும்.

என் மனது விரிந்ததா என்று கேட்பாய். உண்மையைச் சொல்கிறேன். இங்கே என் அறையில் ஜமால் என்று ஒரு பங்களாதேஷ்காரர் இருக்கிறார், உங்களுக்கு போனில் வணக்கம் சொல்வாரே, அவர்தான். அவரும் கருவாடு கொண்டு வருவார். அது நம் கருவாடு மாதிரி இல்லை, முதல் தடவை அவர் டப்பாவைத் திறந்தபோது நான் எழுந்து வராண்டாவுக்கு ஓடினேன். மீன்காரன் நான், ஓடினேன்! அடுத்த வாரம் நான் நெத்திலிக் கருவாட்டை எடுத்தபோது அவர் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாய், பத்பூ!" என்று கத்தினார். நாற்றம் என்று அர்த்தம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு அடக்க முடியவில்லை. பிறகு அவர் என்னுடையதைத் தின்றார், நான் அவருடையதைத் தின்றேன். எனக்கு விரிந்தது என்றால் அந்த ஒரு சாப்பாட்டில்தான் விரிந்தது. அதுவும் நான் விமானம் ஏறி வந்ததால் விரியவில்லை. என் சாப்பாட்டைப் பார்த்து ஒருத்தர் மூக்கைப் பொத்தினார், அவருடையதைப் பார்த்து நான் பொத்தினேன், இரண்டு பேருக்கும் வேறு அறை இல்லை. அதனால் விரிந்தது.

இன்னொரு பக்கம் சுருங்கியும் போயிருக்கிறேன். லீவில் வந்து தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உங்கள் அறையில் முதல் நாள் தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் அந்தச் சாக்கடை வாசத்தில் நீங்கள் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று நினைத்து எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. இங்கே வந்தால் எலுமிச்சை ஸ்பிரே குமட்டுகிறது. எந்த ஊரின் காற்றும் இப்போது எனக்கு முழுசாக ஒத்துக்கொள்வதில்லை. பயணத்தில் இதுவும் நடக்கும், உன் பேச்சில் இதைச் சொல்ல விடமாட்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். புரோக்கர் சேலையூரில் இன்னொரு வீடு காட்டியிருக்கிறாராம். "நீ வூட்லதான் கீறன்னு சொல்லிக்கலாம்க்கா, கடைய மட்டும் விட்டுடு" என்று அம்மாவிடம் சொன்னாராம். போன வாரம் அம்மா போனில் என்னிடம் சொன்னாள்: "விட்டுர்றேன்யா. புள்ள பெருசாயிட்ச்சு, அதுக்கு ஒரு ரூம் வோணும். இந்தக் கைய வச்சினு நான் இன்னா பண்ணப் போறேன்?" இந்தக் கையை என்று அவள் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. உனக்காகத்தான் சொல்கிறாள். நீ கேட்டாயா, கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. நீ கேட்கவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன்.

கேட்டிருந்தாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, என் பதில் ஒன்றுதான். அம்மா கடையை விடவேண்டாம். அன்னக்கூடை முன்வாசல் வழியாக உள்ளே வர முடியாத வீடு நமக்கு வேண்டாம். உனக்கு அறை வேண்டும், அது நியாயம். கிடைக்கத் தாமதமாகும், அதற்கு என்மேல் கோபப்படு. வண்டலூர்ப் பக்கம், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் என்று தள்ளிப் போனாலும் பரவாயில்லை, அம்மா மீன் விற்கிறாள் என்று சொல்லிவிட்டுக் குடி போகிற வீடாகத்தான் பார்க்கப்போகிறேன். யாராவது உன்னிடம் அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நான் உனக்கு எழுதிக் கொடுக்கமாட்டேன். ஆனால் போட்டி மேடையில் 'என் தந்தை வெளிநாட்டில் பணிபுரிகிறார்' என்று ஆரம்பிப்பாய் அல்லவா? அதே மூச்சில் அம்மாவையும் சொல்ல முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் என்னையும் சொல்லாதே. நானும் அவளும் செய்வது ஒரே வேலை. எனக்குக் கையுறை கொடுத்திருக்கிறார்கள், அவளுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாபு, நீ அன்றைக்குச் சிரித்ததற்கு நான் கோபப்படவில்லை. அக்காவிடம் இதைக் கொடுத்துவிட்டு, அவள் படிக்கும்போது பக்கத்தில் நிற்காதே.

இவ்வளவும் எழுதி மடித்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததையும் ஒரு பக்கம் சேர்த்து வைக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை, ஜமாலும் மற்றவர்களும் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பெட்டியின் அடியில் அம்மா எத்தனையோ பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக் கொடுத்த நெத்திலிக் கருவாடு இருந்தது. இந்தக் கட்டிடத்தில் கருவாடு வறுக்கக்கூடாது என்று பொறுப்பாளர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். அவரும் நம் நாட்டுக்காரர்தான், பல நாடுகளில் இருந்தவர். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை நனைத்து, கதவுக்குக் கீழே இடைவெளி இல்லாமல் அடைத்து, மூச்சு முட்ட நின்றுதான் நானும் ஜமாலும் வறுப்போம். இன்றைக்கும் பழக்கத்தில் துண்டை நனைத்து அடைத்துவிட்டேன். எண்ணெய் காய்ந்து, கருவாட்டைப் போட்டு, அது பொரிய ஆரம்பித்தபோது கதவைப் பார்த்தேன். போய்க் குனிந்து துண்டை எடுத்தேன். பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன். கதவை அகலமாகத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்கச் செருப்பை முட்டுக் கொடுத்து வைத்தேன். வாசம் எனக்கு முன்னாலேயே வெளியேறி, எந்தெந்த நாட்டுக்காரர்களோ குடியிருக்கும் கதவுகளைத் தாண்டி லிஃப்ட் பக்கம் போயிற்று. நான் தரையில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்தபடி, கையால் சோறு பிசைந்து சாப்பிட்டேன்.